நானூத்திப் பன்னெண்டு

கண்ணைத் திறக்காத மக்களே. சொட்டு விட்ட உடனே திறந்தியானா மருந்து வெளிய வந்துரும். அப்புறம் அந்த நர்ஸுப் பிள்ளை வந்து இன்னொருக்க விடும், இன்னொரு முக்கா மணி நேரம் இப்படியே உக்காரணும். முப்பத்தி மூணு வருஷம் நர்ஸா இருந்தவ சொல்லுதேன். தலையைச் செவுத்துல சாச்சுக்கோ. ஆங், அப்படித்தான்.

மாமியாருக்குக் கண்ணு காட்ட வந்தியா? வந்த இடத்துல உனக்கும் பாத்துருவோம்னுட்டாவளா? சரிதான். எனக்கும் சொட்டு விட்டாச்சு, எல்லாம் புகை மாதிரித்தான் தெரியுது. எங்க வீட்டுக்காரவியதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காவ. வெளிய மரத்தடியில நிக்காவ. உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்கன்னா கேக்க மாட்டாவ.

உன் குரலு எம் மக ஷைலா குரலு மாதிரியே இருக்கு. அவ பிஜியில இருக்கா. ஆமா, அந்தக் காலத்துல கரும்பு வெட்ட நம்ம ஆளுகளைக் கப்பல்ல கொண்டுபோனாவல்லா, அந்த பிஜிதான். சூவான்னு ஒரு ஊரு, அங்க காலேஜ்ல கணக்கு எடுக்கா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நாங்களும் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தோம். எப்படி இருந்துதுன்னா கேக்க? நல்லாத்தான் இருந்துது. அதுல ஒம்பது நாளு ஜெயில்ல இருந்தேன், அதைத் தவிர.

சிரிக்காத. நிஜமாத்தான். கம்பி கிடையாது, சுத்திக் கடலு. போலீஸ் கிடையாது, நாப்பது வீட்டு ஆளுக. அடிக்கல, வையல. தின்னச் சொன்னாவ. தின்னு தின்னுன்னே என் உசிரை எடுத்துட்டாவ.

ஷைலா கூட வேலை பாக்க பிள்ளை ஒண்ணு, லிட்டியான்னு பேரு. பிஜிக்காரி. ஆளு நல்ல உயரம், முடி அப்படியே வட்டமா நிக்கும். நல்ல பிள்ளை. அவளுக்குச் சொந்த ஊரு ஒரு சின்னத் தீவு. பேரு என் வாயில நுழையாது. முந்தின வருஷம் புயல்ல அவ ஊரு சர்ச்சுக் கூரை பறந்து போயிருக்கு. புதுக் கூரை போட்டு திறக்காவ, பெரிய சாப்பாடு, அங்கிளும் ஆன்ட்டியும் வாங்கன்னு கூப்பிட்டா. ஷைலாவுக்குப் பரீட்சை வேலை, அவளால வர முடியல. வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை விட்டு திங்கக்கிழமை வந்துரலாம்னா. எனக்கு இஷ்டமே இல்ல பாத்துக்கோ. ஆனா எங்க வீட்டுக்காரவிய, ‘போவோமே லீலா’ன்னாவ. எதுக்கும் வாயைத் திறக்காத மனுஷன் ஒண்ணு சொல்லும்போது என்ன செய்ய?

நான் எதுக்கு வேண்டாம்னு நினைச்சேன்னா, அவியளுக்கு சுகர். பதினெட்டு வருஷமா. டெலிபோன் ஆபீஸ்ல டெக்னீஷியனா இருந்தாவ. கம்பம் கம்பமா ஏறி வேலை பாத்த ஆளு. வீட்டுக்குத் தெரியாம போற இடத்துல எல்லாம் டீ, வடை. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி கால் பெருவிரல்ல ஒரு கொப்பளம், சொல்லவே இல்ல. நாத்தம் வந்த பொறவுதான் எனக்குத் தெரியும். விரலை எடுத்தாச்சு. ஏழு மாசம் அந்தக் கால் என் மடியில இருந்துது மக்களே. டியூட்டி முடிச்சு வந்து நானே கழுவி, நானே கட்டுவேன். முட்டு வரைக்கும் எடுக்கணும்னாரு பெரிய டாக்டர். நான் விடல. நான் காப்பாத்தின கால் அது.

அன்னையிலேருந்து அவிய வாய்க்குள்ள என்ன போவுதுன்னு எனக்குத் தெரியாம இருந்தது இல்ல. காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கப்பு சோறு, அளந்துதான். ராத்திரி கோதுமைக் கஞ்சி. எங்க நாகர்கோயில்ல மரச்சீனிக் கிழங்கும், மரவள்ளின்னு சொல்லுவாவளே அதான், மீன் கறியும் இல்லாத வீடு உண்டா? எங்க வீட்டுல கிடையாது. பன்னெண்டு வருஷமா நானும் தின்னது இல்ல. அவியளைப் பாக்க வச்சுத் தின்ன எனக்கு மனசு வருமா?

வெள்ளிக்கிழமை ஃபைபர் போட்டுல போய் எறங்கினோம். நாலு மணி நேரம். எறங்கின உடனே லிட்டியா எனக்கு ஒரு துணியை இடுப்புல சுத்தி விட்டா, அவியளுக்கும் சுத்தி விட்டா. பேன்ட்டுக்கு மேலயே. அப்புறம் ஊருத் தலைவரைப் பாக்கணும், பாக்காம ஊருக்குள்ள கால் வைக்கப்படாது. தலைவரு வேற யாரும் இல்ல, லிட்டியாவுக்க அப்பாதான். யொசெவான்னு பேரு. பனைமரம் மாதிரி ஆளு, பேச்சு மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அவருக்கு முன்னால ஒரு வேருக்கட்டைக் கொண்டுபோய் வைக்கணும். வச்சோம். அந்த வேரை இடிச்சுத் தண்ணியில கரைச்சு, சிரட்டையில ஊத்திக் குடுத்தாவ. ஒருதரம் கைதட்டிட்டுக் குடிக்கணும், குடிச்சிட்டு மூணு தரம் தட்டணும். மண்ணுக் கலங்கின தண்ணி மாதிரி இருக்கு. நாக்கு மரத்துப் போவுது. நான் உதட்டுல தொட்டு வச்சுட்டேன். இவிய ஒரே மடக்கு. மூணு தட்டு தட்டினாவ பாரு, ராஜா கொட்டாரத்துல கச்சேரிக்கு உக்காந்த மாதிரி.

மறுநாள் சர்ச்சுத் திறப்பு. அதுக்குக் காலையிலேயே குழி தோண்டிட்டாவ. ஆளு இடுப்பளவுக் குழி. விறகை அடுக்கி, மேல கல்லை அடுக்கி, கல்லு செவக்க எரிச்சாவ. எரிஞ்சு தணிஞ்ச பொறவு அந்தக் கல்லு மேல தென்னை ஓலைக் கூடையில எல்லாத்தையும் இறக்குதாவ. முழுப் பன்னி, கோழி, இலையில சுத்தின மீனு. சேப்பங்கிழங்கு ஒவ்வொண்ணும் நம்ம தேங்கா தண்டி. அதுக்குக் கீழ பாத்தேன். மரச்சீனி. குவியல் குவியலா மரச்சீனி! திரும்பி இவியளைப் பாக்கேன், இவிய குழியைப் பாத்துட்டு நிக்காவ. வாழை எலையைப் போட்டு மூடி, சாக்கைப் போட்டு, மண்ணைப் போட்டு மூடிட்டாவ. லேசா ஆவி மட்டும் வருது.

அதுக்குள்ள சர்ச்சுல ஒரு கூத்து. பாட்டுப் பாட எல்லாரும் நிக்காவ, மைக் செட்டு கொர்னு சத்தம் போட்டு நின்னு போச்சு. பாஸ்டரு தட்டுதாரு, ஒருத்தன் வயரைப் பிடிச்சு இழுக்கான். இவிய மெதுவா எழும்பிப் போனாவ. பின்னால மூடியைக் கழத்தி, யாருகிட்டயோ கத்தியை வாங்கி, சிகரெட்டுத் தாளு ஒண்ணை மடிச்சு எங்கயோ சொருகினாவ. அஞ்சு நிமிஷம் இருக்கும். செட்டு கணீர்னு பேசுச்சு. அந்த சர்ச்சே கைதட்டிச்சு மக்களே. தலைவரு எந்திச்சு வந்து இவிய தோளைப் பிடிச்சு என்னமோ சொன்னாரு. லிட்டியா சொன்னா, ‘கடவுள் கூரையை எங்க கையால போட்டாரு, குரலை உங்க கையால தந்தாரு’ன்னு சொல்லுதாராம். ஒரு வயரு ஒட்டினதுக்கு இம்புட்டுப் பேச்சு.

அப்புறம் சாப்பாடு. அங்க ஒரு வழக்கம், விருந்தாளி முதல்ல திங்கணும். திங்குத வரைக்கும் ஊரே சுத்தி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும். பாய் விரிச்சு, அம்பது அடி நீளத்துக்குத் துணி விரிச்சு, அதுல அம்புட்டையும் பரப்பி வச்சு, நடுவுல நாங்க ரெண்டு பேரு. ரெண்டு பக்கமும் பொம்பளைங்க விசிறியால ஈ ஓட்டுதாவ. எல்லாக் கண்ணும் என் கையிலதான். எழும்பவும் முடியாது, காலை நீட்டவும் கூடாது. லிட்டியாவுக்க அம்மா மெரே, நல்ல பருத்த பொம்பளை, என் பக்கத்துல உக்காந்து எடுத்து எடுத்து வைக்கா. ‘கனா, கனா’ங்கா. கனான்னா சாப்பிடுன்னு அர்த்தம். ஆயுசுக்கும் மறக்காது எனக்கு அந்த வார்த்தை.

நான் ஒரு துண்டு மீனை எடுத்துக்கிட்டு இவியளைத் திரும்பிப் பாக்கேன். இவிய மரச்சீனியைப் பிச்சு, தேங்காப்பால்ல முக்கி வாயில வச்சாவ. கண்ணை மூடிக்கிட்டாவ. நான் தொடையில கிள்ளினேன். ‘ஏங்க, போதும்’னேன். கேக்கல. இன்னொரு துண்டு. பொறவு பன்னி. பன்னி திங்காத குடும்பம் எங்களோடது! ‘என்னங்க செய்யுதீங்க’ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேக்கேன். ‘விருந்துக்கு வந்த இடத்துல மூஞ்சியைச் சுளிக்கப்படாது லீலா’ன்னு சொல்லிட்டுத் திங்காவ. ஊரே பாக்கையில நான் என்ன செய்ய? கையைப் பிடிச்சு இழுக்க முடியுமா? வீட்டுல ஒரு பார்வை பாத்தாப் போதும், தட்டைத் தள்ளி வச்சிருவாவ. அன்னைக்கு என் பார்வையைப் பாக்கவே இல்ல.

சரி, ரெண்டு நாளுதானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை காலையில பையைக் கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கேன், லிட்டியா வாரா. ‘ஆன்ட்டி, கடல் சரியில்ல. போட்டு வராது’ங்கா. எப்ப வரும்? தெரியாது. நாளைக்கா? சிரிக்கா. அங்க யாரைக் கேட்டாலும் சிரிப்புத்தான் பதிலு. மலை மேல ஏறினா மட்டும்தான் போன்ல சிக்னல். ஏறி ஷைலாகிட்ட அழுதேன். அவ, ‘நல்லா அனுபவிச்சுட்டு வாம்மா’ங்கா. பெத்த பிள்ளை!

செவ்வாய் வரல. புதன் வரல. பாத்துக்கோ, தலைவரு வீட்டுல ஒரே ஒரு கட்டிலு. அதை எனக்குத் தந்துட்டாவ. அவரும் அவரு பெஞ்சாதியும் தரையில பாயில. நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. என்னைத் தனியா இருக்க விட மாட்டாவ, அதுதான் பெரிய ரோதனை. குளிக்கப் போனா ஒருத்தி கூட வருவா. கடக்கரையில போயி சும்மா உக்காந்தா மெரே வந்து பக்கத்துல உக்காந்துருவா. பேசவும் மாட்டா, பேச பாஷையும் கிடையாது. பாயை முடைஞ்சுக்கிட்டே இருப்பா. நான் எழும்பினா எழும்புவா. ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்து ஓன்னு அழுதுட்டேன். அவளும் சேர்ந்து அழுதா. என்னத்துக்கு அழுதான்னு அவளுக்கே தெரியாது. லிட்டியாகிட்ட கேட்டேன், எதுக்கு எனக்கு இந்தக் காவல்னு. ‘காவல் இல்ல ஆன்ட்டி, விருந்தாளி ஒத்தையில உக்காந்திருந்தா எங்க ஊருக்கே அது வெக்கம்’னா. என்ன வெக்கமோ.

தெருவுல நடந்தா ஒவ்வொரு வாசல்லயும், ‘வாங்க, சாப்பிடுங்க’ன்னு கூப்பிடுவாவ. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவேன். இவிய ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சிருவாவ. ஒரு வீட்டுல ரேடியோ, ஒரு வீட்டுல சோலார் லைட்டு, ஒரு வீட்டுல தையல் மெஷினு. எல்லாம் கெட்டுப்போயிக் கிடந்திருக்கு. ஒண்ணொண்ணா பாத்துக் குடுத்தாவ. சட்டையைக் கழத்திட்டு, இடுப்புல பூப்போட்ட துணியோட, தலைவரு கூட தோட்டத்துக்குக் கெழங்கு பிடுங்கப் போவாவ. தோட்டம் எங்க? மலை மேல! போயிட்டு வந்து கடல்ல முட்டளவுத் தண்ணியில நின்னு வலை பிடிக்காவ. விரல் இல்லாத கால் மக்களே. கடலுக்குள்ள பாறை பூரா கத்தி மாதிரி இருக்கும். நான் கரையில நின்னு கத்துதேன், அங்க உள்ள பொம்பளைங்க எனக்குக் கையாட்டிக் காட்டுதாளுவ.

ஒருநாள் வீட்டுக்குப் பொறத்தால யாரோ சிரிக்காவ. விட்டு விட்டு, மூச்சு முட்டி, இருமி, மறுபடியும் சிரிப்பு. யாருடா இதுன்னு போயிப் பாத்தா, இவிய. நாப்பத்தோரு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்ல. என்னன்னா, தலைவருக்கு இடது கையில ஒரு விரல் கிடையாது, ஏதோ மீன் கடிச்சது. இவிய காலையும் அவரு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டையும் சேத்தா ஒரு ஆளுக்கு எத்தனை விரல்னு எண்ணிச் சிரிக்காவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏழு மாசம் மடியில வச்சுக் காப்பாத்தின கால். அது அவியளுக்கு விளையாட்டாப் போச்சு. நான் உள்ள போயிக் கட்டில்ல படுத்துக்கிட்டேன். சுகர் ஏறினா மூளைக்குப் போவும், காரணம் இல்லாமச் சிரிப்பாவ. நான் வார்டுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

மெஷினு கொண்டு போயிருந்தேன், விரல்ல குத்திப் பாக்கது, பாத்த நம்பரெல்லாம் அதுக்குள்ளயே கிடக்கும். ஆனா மூணு நாளைக்குன்னு நினைச்சு ரத்தத்தைத் தொட்டு வைக்க பட்டை நாலுதான் எடுத்துக்கிட்டுப் போனேன். மாத்திரை நிறைய இருந்துது. முதல் மூணு நாள்லயே மூணு பட்டை தீந்து போச்சு. ஒண்ணை மட்டும் பத்திரமா வச்சிருந்தேன், மயக்கம் கியக்கம் வந்தா பாக்கணும்லா.

ஒம்பதாவது நாளு சனிக்கிழமை, விடிஞ்சதும் சங்கு ஊதுதாவ. கடல் தட்டு மாதிரி கிடக்கு. மத்தியானம் போட்டு வருதுன்னுட்டாவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, சந்தோஷத்துல. மறுபடியும் குழி தோண்டியாச்சு, வழியனுப்புத சாப்பாடு. நான் பையைக் கட்டுதேன். இவிய வாசல்ல வந்து நின்னாவ. உடம்பு பூரா கருத்துப் போயி, கையில மண்ணு.

‘லீலா, நீ போயிட்டு இரு’ன்னாவ.

எனக்குப் புரியல. ‘எங்க?’ன்னேன்.

‘ஷைலா வீட்டுக்கு. நம்ம டிக்கெட்டுக்கு இன்னும் ஒண்ணரை மாசம் கிடக்குல்லா. நான் ஒரு மாசம் இங்க இருந்துட்டு வாரேன். யொசெவாகிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. ஸ்கூல்ல ஒரு ஜெனரேட்டர் கிடக்கு, அதைப் பாத்துக் குடுத்துட்டு வாரேன்.’

‘உங்க மாத்திரை?’

‘தந்துட்டுப் போ. நான் போட்டுக்கிடுவேன்.’

‘சாப்பாடு?’

தரையைப் பாத்துக்கிட்டு நின்னாவ. அப்புறம் சொன்னாவ, ‘ஒரு மாசம்தான் கேக்கேன், லீலா. வேற என்ன கேட்டிருக்கேன் உன்கிட்ட?’

உண்மைதான். வேற ஒண்ணும் கேட்டதில்ல. கல்யாணத்துக்குப் பொறவு சட்டை எந்தக் கலர்ல எடுக்கணும்னு கூட என்கிட்டத்தான் கேப்பாவ.

நீயே சொல்லு மக்களே, நான் விடலாமா? ஆஸ்பத்திரி கிடையாது. கால்ல ஒரு முள்ளு குத்தினாப் போதும். யாரு பாப்பா? அந்த மெரேவா? நான் சொன்னேன், ‘உக்காருங்க, சுகர் பாப்போம். நல்லா இருந்தா இருங்க.’ உக்காந்தாவ. விரலை நீட்டினாவ. கடைசிப் பட்டை. குத்தி, ரத்தத்தை வச்சேன். அஞ்சு செகண்ட் ஓடும்லா, அதுல ஓடுது. அவிய என் முகத்தைப் பாக்காவ. ரிசல்ட்டுக்கு நிக்க ஸ்கூல் பிள்ளை மாதிரி பாக்காவ.

நூத்தி இருபத்தாறு.

நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல இதை. எம் மக கிட்டயும் சொல்லல. உன் மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி உனக்குத் தெரியாது, சொல்லுதேன். நூத்தி இருபத்தாறு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. வீட்டுல நான் அளந்து அளந்து போட்டு, ஒருநாளும் நூத்தி எண்பதுக்குக் கீழ வந்தது கிடையாது. மரச்சீனியும் பன்னியும் தேங்காப்பாலும் தின்னுட்டு நூத்தி இருபத்தாறு. மெஷினுதான் கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன். உப்புக் காத்துல்லா.

மெஷினை என் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டுச் சொன்னேன், ‘நானூத்திப் பன்னெண்டு.’

எப்படி வந்துது அந்த நம்பரு வாயில, எனக்குத் தெரியாது. அவிய குத்தின விரலைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. ‘அம்புட்டு இருக்கா?’ன்னாவ. ‘இருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்’னேன். எழும்பிப் போயி கையைக் கழுவினாவ. பேன்ட்டை எடுத்து மாட்டினாவ, சட்டையை மாட்டினாவ. மேல் பட்டன் வரைக்கும் போட்டாவ.

லிட்டியாகிட்ட சொன்னேன். அவ போயி அவ அப்பாகிட்ட சொன்னா. அரை மணி நேரத்துல ஊரு பூரா தெரிஞ்சு போச்சு. குழியைத் திறந்து பரப்பின சாப்பாட்டை ஒருத்தரும் தொடல. தொடுவாவளா? எங்க சாப்பாடு இந்த மனுஷனுக்கு விஷமாப் போச்சேன்னு மெரே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. அவ கையால குடுத்ததுல்லா எல்லாம். லிட்டியா, ‘அம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கா ஆன்ட்டி’ன்னா. நான், பரவாயில்லன்னேன். வேற என்ன சொல்ல?

அங்க கிளம்பணும்னாலும் தலைவருகிட்ட விடை கேக்கணும். அதுக்கும் ஒரு வேரு. இவிய அவரு முன்னால உக்காந்து, ஒருதரம் தட்டி, சிரட்டையைக் குடிச்சு, மூணு தரம் தட்டினாவ. சத்தமே வரல. தலைவரு பேச ஆரம்பிச்சாரு, பாதியில நிறுத்திட்டாரு. அப்புறம் இவிய காலைத் தொட்டுப் பாத்தாரு, அந்த விரல் இல்லாத காலை. எழும்பி வெளிய போயிட்டாரு.

போட்டுக்குத் தண்ணிக்குள்ள நடந்துதான் போகணும். இவிய செருப்பைக் கழத்துதாவ, நாலு ஆம்பளைங்க வந்து விட மாட்டேன்னுட்டானுவ. சீக்காளியை நடக்க விடலாமான்னு சொல்லி, ஒரு பலகை நாற்காலியில உக்கார வச்சு, தோளுல தூக்கிட்டானுவ. முந்தின நாளு அதே தண்ணியில நின்னு வலை இழுத்தவிய. ஊரு பூரா கரையில நின்னு பாட்டுப் பாடுது, அழுதுக்கிட்டே பாடுது. இவிய நாற்காலியில இருந்துக்கிட்டுத் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாவ. வெயிலு, பாத்துக்கோ. அன்னைக்கு நல்ல வெயிலு.

போட்டுல பாதி தூரம் வந்த பொறவு, ‘மெஷினைக் குடு லீலா, நனைஞ்சிரும், என் பைக்குள்ள வைக்கேன்’னாவ. குடுத்தேன். திரும்பி உக்காந்து அதைக் கையில வச்சுக்கிட்டே இருந்தாவ. தண்ணி தெறிக்குதுல்லா, அதான் குனிஞ்சு மறைச்சுக்கிட்டு இருந்தாவ. கரை வந்த பொறவு என்கிட்டத் தந்தாவ. ‘பத்திரமா வை’ன்னாவ. அவியளுக்கு அதுல ஒண்ணும் பாக்கத் தெரியாது. எல்லாம் நான்தான் பாக்கது.

ஷைலா பதறிட்டா. வா ஆஸ்பத்திரிக்குன்னு நின்னா. ‘மாத்திரையைக் கூட்டிக் குடுத்துட்டேன், எறங்கிட்டு’ன்னு சொன்னேன். நர்ஸு சொன்னா நம்பத்தானே செய்வா. அப்புறம் ஊருக்கு வந்தாச்சு. இட்லி ரெண்டு, சோறு ஒரு கப்பு. நல்லாத்தான் இருக்காவ. மெலிஞ்சிருக்காவ, அது நல்லதுதான்.

போன மாசம் லிட்டியா ஊருக்குப் போயிருக்கா. இப்ப அங்க டவரு போட்டாச்சாம். வீடியோவுல கூப்பிட்டா. பாத்தா, ஊரே பின்னால நிக்குது. ‘தாணு! தாணு!’ன்னு கத்துதாவ. இவிய முழுப்பேரு தாணுமாலயன், அந்த ஊருக்காரவியளுக்கு அவ்வளவுதான் வாயில வந்துது. தலைவரு முன்னால உக்காந்திருக்காரு, தலை பூரா நரைச்சுப் போச்சு. லிட்டியா சொல்லுதா, ‘அங்கிள், ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல உங்க சுகருக்காக ஜெபம் பண்ணுதாங்க. உங்க பேரும் அந்த நம்பரும் பாஸ்டருக்கு மனப்பாடம். இப்ப எவ்வளவு இருக்குன்னு அப்பா கேக்காரு. எப்ப வருவீங்கன்னு கேக்காரு.’

இவிய போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாவ. அப்புறம், ‘லீலாகிட்ட கேளுங்க’ன்னு என் கையில தந்துட்டாவ.

நான் என்ன சொல்ல? ‘கொஞ்சம் குறைஞ்சிருக்கு, டாக்டர் இன்னும் தூரப் பயணம் போக விடல’ன்னேன். லிட்டியா சொல்லவும் அம்புட்டுப் பேரும் கைதட்டினாவ. குறைஞ்சிருக்குல்லா, அதுக்கு. இன்னும் நல்லா ஜெபம் பண்ணுதோம்னு சொல்லுன்னு மெரே சொன்னாளாம்.

போனை வச்சுட்டு அடுக்களைக்குப் போனேன். பின்னாலயே வந்தாவ. அரைக் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, சாதாரணமா, வெயிலு எப்படி இருக்குன்னு கேக்க மாதிரி கேட்டாவ.

‘நூத்தி இருபத்தாறுன்னா நல்ல நம்பருதான், இல்லியா லீலா?’

என் கையில கரண்டி இருந்துது. எதுக்கு நூத்தி இருபத்தாறுன்னு நான் கேக்கல. அவியளும் சொல்லல. டிவியில ஏதாச்சும் கேட்டிருப்பாவ. இப்ப எல்லாச் சேனல்லயும் சுகரைப் பத்தித்தானே பேசுதான். இல்லன்னா கரண்ட் மீட்டரைச் சொன்னாவளோ என்னமோ. ‘ஆமா, நல்ல நம்பருதான்’னேன். தலையை ஆட்டிட்டு மோட்டரைப் போடப் போயிட்டாவ.

மறுநாள் காலையில மெஷினை அவிய கையிலயே குடுத்தேன். ‘நீங்களே குத்திப் பாருங்க, நீங்களே படிங்க’ன்னேன். நான் வேணும்னேதான் குடுத்தேன் மக்களே. வாங்கல. ரெண்டாம் நாளும் நீட்டினேன், வாங்கல. மேசையில வச்சுட்டுப் போயிப் பாத்தேன், அப்படியே கிடக்கு. டெய்லி காலையில ஆறு மணிக்கு என் முன்னால வந்து உக்காருவாவ. விரலை மட்டும் நீட்டுவாவ. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிடுவாவ.

நான் உள்ளதைத்தான் சொல்லுதேன். இப்பல்லாம் உள்ளதைத்தான் சொல்லுதேன். நூத்தித் தொண்ணூறு, இருநூத்திப் பத்து. எவ்வளவு சொன்னாலும், ‘சரி’ங்காவ.